புங்கன் சாகவில்லை, வசந்தம் வந்திருக்கிறது

கேள்வி சுருக்கமாக இது. சென்னைப் புறநகரில் நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டி, மூன்று கிரவுண்டு மனையோடு ஒரு பழைய வீட்டை வாங்கி ஐப்பசியில் குடிவந்திருக்கிறார் ஒரு சகோதரி. அடைமழையில் பச்சைப்பசேலென்று நின்ற புங்கனும் வேம்பும் மாசி பிறந்ததும் மளமளவென்று இலை கொட்டுகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றியும் நிற்கவில்லை. மரம் சாகிறதா என்று கேட்கிறார். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள், "வசந்த காலம் நம்ம ஊர்ல உண்டா அம்மா?" என்று கேட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லையாம். மத்தியான வேளையில் விடாமல் டொக் டொக் என்று கேட்கும் சத்தம் எந்தப் பறவையுடையது, காய்ந்துபோன முருங்கைக் கிளையை வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கிளையில் நகத்தால் தோலை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமாக, பச்சையாக இருந்தால் மரத்துக்கு ஒன்றுமில்லை. பழுப்பாக, தூளாக உதிர்ந்தால் அந்தக் கிளை மட்டும் போயிற்று. இன்னும் உள்தள்ளிச் சுரண்டிப் பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்குப் பச்சைதான் தெரியும். வேம்பில் மட்டும் நுனிக்கிளைகள் தீயில் வாட்டியதுபோல் கருகியிருக்கலாம். மழை விட்ட குளிர்மாதங்களில் தேயிலைக் கொசு என்கிற சாறுறிஞ்சும் பூச்சி இளநுனிகளைக் குத்தும். அந்தப் புண்ணில் பூஞ்சை இறங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும், நன்றாக வேர்விட்ட வேம்பு வெயில் ஏறியதும் கருகிய நுனிக்குக் கீழிருந்து துளிர்விட்டு மீண்டுவிடும். மருந்து அடிக்க ஆள் தேடாதீர்கள்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. உண்டு என்று சொல்லுங்கள், சந்தேகமே வேண்டாம். குளிர்நாட்டில் இலையுதிர் காலம் ஒரு பக்கம், வசந்தம் இன்னொரு பக்கம், நடுவில் நீண்ட பனிக்காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பாள். நம் ஊரில் அந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. பழைய இலை விழுந்த இடத்திலேயே புதுத்துளிர் எட்டிப்பார்க்கிறது. மரம் மொட்டையாக நிற்பது சில நாள், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். அந்த மொட்டை நாட்கள்தான் வசந்தத்தின் வாசல்படி. நீங்கள் வந்து சேர்ந்தது சரியான நேரம்.

பஞ்சாங்கக் கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மாசி, பங்குனி இரண்டும் பின்பனி. கோயில்களில் வசந்த உற்சவம் சித்திரை, வைகாசியில் வருவதும் அதனால்தான். ஆனால் சென்னை மரங்கள் அந்தக் கணக்குக்கு ஒரு மாதம் முந்திக்கொள்கின்றன என்பது இருபத்தைந்து வருடமாக வேங்கைவாசலில் ஒரு தோட்டத்தோடு வாழ்கிறவன் என்ற முறையில் என் முடிவு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடியற்காலையில் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கும்போதே மாமரம் பூத்து முடித்திருக்கும், நாட்டு வாதுமை இலை சிவந்து கொட்டியிருக்கும். மாசி நடுவில் கல்யாண முருங்கை இலையில்லாத கிளையில் சிவப்பாகப் பூக்கும். பங்குனியில் புங்கன், வேம்பு, அரசு. சித்திரை பிறக்கும்போது கொன்றை மஞ்சள் சரம் விடத் தொடங்கும். அப்போது வசந்தம் பாதி முடிந்துவிட்டது.

மழை இல்லாத நேரத்தில் எதற்குத் துளிர்க்கிறது என்று அவள் அடுத்துக் கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். சென்னைக்கு ஒரு வருடத்தில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். பிப்ரவரியும் மார்ச்சும் வருடத்திலேயே மிக வறண்ட மாதங்கள். அந்த வறட்சியில்தான் மரம் புத்தாடை உடுத்துகிறது. நீரை அது மழையிலிருந்து எடுக்கவில்லை, மிச்சம் பிடிக்கிறது. முதிர்ந்த இலை தன் துளைகளைச் சரியாக மூடத் தெரியாமல் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதை உதிர்த்ததும் நீர் வெளியேறும் வழி அடைபடுகிறது; ஆழத்தில் இருக்கும் வேர் உறிஞ்சுவது கிளைகளுக்குள்ளேயே ஏறித் தங்குகிறது. மரம் உள்ளுக்குள் நனைந்துகொள்கிறது. அந்த ஈரத்தில்தான் மொட்டு விரிகிறது.

எப்போது விரிய வேண்டும் என்று அதற்குச் சொல்வது பெரும்பாலும் பகலின் நீளம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது உறைப்பதே இல்லை. மாசியில் பகல் நாளுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் வளர்கிறது. மழையே இல்லாதபோதும் வறண்ட வெப்பமண்டலக் காடுகளில் பல மரங்கள் இந்தச் சின்ன வளர்ச்சியை உணர்ந்து துளிர்க்கின்றன என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இன்னொரு லாபமும் உண்டு: இலை தின்னும் பூச்சிகள் மழைக்காலத்தில் பெருகும். வறட்சியில் அவை குறைந்திருக்கும்போது இளந்துளிர் தப்பித்து முற்றிவிடுகிறது.

ஒரு வருடம் மட்டும் இந்த ஒழுங்கு தவறியதைப் பார்த்தேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. பல்லாயிரம் மரங்கள் விழுந்தன. விழாமல் நின்றவை ஒரு இலைகூட இல்லாமல் உருவப்பட்டிருந்தன. எங்கள் வாசல் புங்கன் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டதுபோல் நின்றது. போய்விட்டது என்றே நினைத்தோம். தைப்பொங்கலுக்கு முன்பே அதில் துளிர். பருவமழை பொய்த்த வருடம் வேறு, தரையில் ஈரமில்லை. இலை போனதும் அடுத்த இலை என்பது அந்த மரத்தின் உடம்பிலேயே ஊறியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உங்கள் மரம் இப்போது செய்வதும் அதே காரியம்தான், புயல் இல்லாமல், தானாக.

மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு புங்கங்கிளையைத் தேர்ந்தெடுங்கள், கைக்கு எட்டுகிற உயரத்தில். ஒரு நூலைக் கட்டிவைக்கட்டும். உதிரப்போகும் பழைய இலையை முதலில் கையில் வாங்கிப் பாருங்கள். ஒன்றுகூடப் பழுதில்லாமல் இருக்காது. பச்சைப் பருக்கள் மாதிரி புடைப்புகள் இருக்கும்; கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்த வேலை. சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே புகுந்து சுரண்டித் தின்ற புழு. ஒரு வருடத்துக் கடனையெல்லாம் அந்த இலையோடு மரம் கழித்துவிடுகிறது. பிறகு காம்பு விழுந்த தழும்புக்கு மேலே, அரிசிமணி அளவில் ஒரு மொட்டு. சில நாளில் அது நீண்டு, கைகூப்பியதுபோல் மடிந்த குட்டி இலைகளாகத் தொங்கும். நிறம் பச்சை கிடையாது. செம்பும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு பளபளப்பு, எண்ணெய் தடவினாற்போல். பச்சையம் இன்னும் சேரவில்லை. அந்தச் சிவப்புச் சாயம் வெயில் சுடாமல் பிஞ்சு இலையைக் காக்கிறது. சங்கப் புலவர்கள் புங்கந்துளிரை நெருப்புக்கும் புங்கம்பூவைப் பொரிக்கும் ஒப்பிட்டார்கள். கிட்டப்போய்ப் பார்த்தவர்கள் சொன்னது அது.

ஒரு வாரத்தில் சிவப்பு விலகி இளம்பச்சை ஏறும். அந்தப் பச்சையை எந்தப் பெயிண்ட் கடையிலும் வாங்க முடியாது. காலை ஏழு மணி வெயில் அதன் ஊடாக வரும்போது மரத்தடி முழுக்க ஒரு பச்சை வெளிச்சம் விழும். அந்த நிறம் பத்து நாளுக்கு மேல் தங்காது, பிறகு இலை முற்றிக் கரும்பச்சையாகிவிடும். பங்குனியில் வெளியூர்ப் பயணம் வைக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகத்தான். பூ அதற்குப் பிறகு, சித்திரையை ஒட்டி. வெள்ளையும் ஊதாவுமாக உதிர்ந்து வாசலில் பொரி கொட்டினாற்போல் கிடக்கும்.

தண்ணீர் பற்றி: வேர்பிடித்த பெரிய மரங்களுக்கு ஊற்ற வேண்டியதில்லை. இரண்டு வயதுக்குக் குறைந்த கன்றுகளுக்கு மட்டும், தினமும் தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒருமுறை இரண்டு குடம் நின்று இறங்குமாறு விடுங்கள். வேர் ஆழம் தேடிப் போகும். புதிதாக எதையும் இப்போது நடாதீர்கள். ஆடி, புரட்டாசி வரை பொறுங்கள்.

சருகைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியே ஆக வேண்டும். கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துவிடாதீர்கள், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். புங்கந்தழை நெல்வயலுக்கு உரமாக மிதித்த தழை. அவரைக் குடும்பத்து மரம், இலையிலேயே தழைச்சத்து இருக்கிறது. அதை எரிப்பது காசை எரிப்பது. மரத்தடியில் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பிவிடுங்கள், அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. கோடை முழுக்க அதன் கீழே மண் சில்லென்று இருக்கும். தென்னை இருந்தால் அதன் பக்கத்தில் மட்டும் மக்குகுழி போட வேண்டாம். காண்டாமிருக வண்டு அங்கே முட்டையிட்டுப் பெருகித் தென்னங்குருத்தைத் துளைக்கும். காட்டுக்குப் பக்கத்து வீடு என்பதால் இன்னொன்றும் இருக்கிறது. பங்குனிக் காற்றில் ஒரு பொறி வேலியைத் தாண்டினால் போதும்.

சருகை விட்டுவைத்தால் ஒரு விருந்தாளியும் கிடைக்கலாம். ஆறுமணிக் குருவி என்று ஒன்று, ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து வந்து, பனிக்காலம் முழுக்க நம் பக்கத்துப் புதர்க்காடுகளிலும் மரமடர்ந்த வளாகங்களிலும் தங்கும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, மணல்நிற வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, குட்டை வால். மரத்தில் தேடினால் கிடைக்காது. தரையில் சருகை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டிப்போட்டுப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். போன பங்குனியில் எங்கள் கிணற்றடிச் சருகில் நான்கு நாள் மேய்ந்தது. ஐந்தாம் நாள் இல்லை. சித்திரைக்குள் அவை இனப்பெருக்கத்துக்காக மத்திய இந்தியாவையும் இமய அடிவாரத்தையும் நோக்கிக் கிளம்பிவிடும். நம் வசந்தத்தில் வந்துசேர்பவர்களைவிட விடைபெற்றுப் போகிறவர்கள் அதிகம். அதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

குயிலைப் பற்றி அவளுக்கே தெரிந்திருக்கும். விடியுமுன் சுருதி ஏற்றிக்கொண்டே போவது ஆண், கன்னங்கருப்பு, கண் மட்டும் சிவப்பு. உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்புப் பறவை பெண். காகம் சுள்ளியும் கட்டுக்கம்பியும் பொறுக்கிப்போகத் தொடங்கினால் குயிலின் வேலையும் தொடங்கிவிட்டது என்று பொருள். காக்கை முட்டைக்கு முன்பே குயில் முட்டை பொரிந்துவிடும்.

இனிக் காடு. பக்கத்திலேயே காடு இருந்தும் அங்கே வசந்தம் தெரியவில்லையே என்று நினைப்பீர்கள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய நம் காடு ஒரு தனி ரகம், உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மழை சில மாதத்தில் முடிந்துவிடும் இடத்தில், வருடம் முழுக்க இலையோடு நிற்கிற குட்டையான மரங்கள்: வீரை, காசான், உலக்கைப்பாலை, காரை. இலை சிறிது, தடித்த தோல், மேலே மெழுகு. இவை மொத்தமாக இலை கொட்டுவதில்லை. பழையது ஒன்று போகும்போது புதியது ஒன்று வரும். அதனால் தூரத்திலிருந்து ஒரே மங்கிய பச்சையாகத் தெரியும். வேலியோரமாக மெதுவாக நடந்தால்தான் பிடிபடும். களாச்செடியில் நட்சத்திரம்போல் வெள்ளைப்பூ. வெப்பாலை இலையை உதிர்த்துவிட்டுப் பூத்துக்கொண்டிருக்கும். மஞ்சணத்தி, நீங்கள் நுணா என்றும் கேள்விப்பட்டிருக்கலாம், அதன் பூவாசம் வெயிலில் வரும். காசான் பூக்கிற வாரத்தில் அதிர்ஷ்டம் இருந்து அங்கே நின்றால், கிளையின் மரத்தோலை ஒட்டியே நீலமும் ஊதாவும் கொத்துக்கொத்தாக அப்பியிருக்கும். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயாம்பூ இதுதான். சில நாளில் உதிர்ந்துவிடும்.

நன்மங்கலத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் இருக்கின்றன. பனிக்காலத்தில் தொடங்கிய குஞ்சு வளர்ப்பு கோடை முகப்பில்தான் முடியும். அந்தப் பக்கம் கூட்டமாகப் போய்ச் சத்தம்போட வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவும் கூடாது. வேலிக்கு வெளியே நின்று பார்க்கக் கிடைப்பதே ஒரு பிள்ளைக்குப் பத்து வருடத்துக்குப் போதும்.

தோட்டத்துக்குத் திரும்புவோம். கறிவேப்பிலை இப்போது தளதளவென்று கொழுந்து விட்டிருக்கும். அதில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் வழித்துப் போட்டுவிடாதீர்கள், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவைகள் எச்சம் என்று நினைத்து விட்டுவிடும். வளர்ந்து கடைசித் தோலை உரித்ததும் இலைப்பச்சையாகிவிடும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டும். காட்டமான வாசனை வரும். நான்கு புழுவுக்கு ஒரு கிளையை விட்டுக்கொடுங்கள், ரசத்துக்கு மீதிக் கிளைகள் இருக்கின்றன.

வேம்பு துளிர்த்த கையோடு பூத்துவிடும். பகலில் வாசம் தெரியாது. இருட்டிய பின் வாசலில் உட்கார்ந்தால் தேனும் பாதாமும் கலந்தாற்போல் ஒரு மணம் இறங்கும். அவ்வளவு கசக்கிற மரத்திலிருந்து. எங்கள் அம்மா இருந்தவரை பழைய வேட்டியை மரத்தடியில் இரவே விரித்துவிடுவார். காலையில் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கினால் இரண்டு கைப்பிடி பூ. எறும்பையும் காம்பையும் புடைத்து எடுத்து, வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, பாட்டிலில் போட்டு வைப்பார். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் நெய்யில் வறுத்த பூ விழும். அந்தப் பூ உங்கள் மரத்தில் கிடைக்கும்போது கடையில் வாங்காதீர்கள்.

கடைசியாக டொக் டொக். அது செம்மார்புக் குக்குறுவான். குருவியைவிடச் சற்றே பெரிது, இலைப்பச்சை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டை மஞ்சள். கன்னார் தெருவில் செம்புப் பாத்திரம் தட்டுவதுபோல் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே பிடிபடாது. பனிக்காலத்தில் ஏறக்குறைய ஊமையாக இருந்துவிட்டு, வெயில் ஏற ஏற குரல் எடுக்கிற பறவை. நாள்காட்டியில் வசந்தத்தின் முதல் நாளைக் குறிக்கச் சொன்னால் நான் இந்தச் சத்தம் தொடங்கிய நாளைத்தான் குறிப்பேன்.

அது கூடு வைப்பது காய்ந்த, மெத்தென்ற மரக்கிளையில். உங்கள் முருங்கைக் கிளை அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் மின்கம்பியில் உரசுகிறதென்று பங்குனியில் கிளை வெட்டினார்கள். கீழே விழுந்த ஒரு பட்ட கிளையில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டத் துளை. உள்ளே வெள்ளை முட்டைகள் உடைந்து கிடந்தன. தாய்ப்பறவை அந்தக் கிளை இருந்த வெற்றிடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

உங்கள் கிளையின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து பாருங்கள். துளை பெரும்பாலும் மழை இறங்காதபடி கீழ்நோக்கித்தான் இருக்கும். தரையில் மரத்தூள் சிந்தியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. வெட்டுவதை ஆடிக்குத் தள்ளிப்போடுங்கள்.